விட்டுவிட்டு அறுபடும் விசைப்பலகை: லினக்ஸ் பதிவும் கடற்கரை உப்பும்

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே விசைப்பலகை ஓரிரு நொடி செயலற்றுப்போய், 'நம் லாக்' (Num Lock) விளக்கு அணைந்து, பிறகு ஒன்றும் நடவாததுபோல எழுத்துகள் திரும்ப வரத் தொடங்கும் கோளாறு இராமநாதபுரம் கடற்கரைக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவை ஒட்டிய கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிப் பக்கமானாலும், பாக் விரிகுடாவை ஒட்டிய தேவிபட்டினம், தொண்டிப் பக்கமானாலும், கணினி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்தத் தொல்லையைச் சொல்வார்கள். அந்தக் கணினியில் லினக்ஸ் இருந்துவிட்டால் பழி முழுவதும் அதன்மேல் போய்விடுகிறது. "விண்டோஸ் இருந்தவரைக்கும் இப்படி ஆகலண்ணே" என்று சொல்லியபடியே விசைப்பலகையைக் கடைக்குக் கொண்டுவருவார்கள். கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்தனுப்புவார். சில மாதங்களில் அதுவும் அதே வேலையைக் காட்டும். உண்மையில் இத்தகைய துண்டிப்புகளில் பெரும்பாலானவற்றை லினக்ஸ் செய்வதில்லை, குறித்துவைக்க மட்டுமே செய்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்தால், கோளாறு செருகியில் ஏறிய உப்பிலா, பக்கத்தில் ஓடும் மோட்டாரிலா, கணினியின் மின்சேமிப்பு அமைப்பிலா என்பதை எதையும் விலைக்கு வாங்காமலேயே பிரித்தறிந்துவிடலாம்.

லினக்ஸின் மையநிரலான கெர்னல், யூஎஸ்பியில் நடக்கும் ஒவ்வொரு சேர்க்கையையும் விலகலையும் நேரத்தோடு பதிவு செய்கிறது. கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைக் கொடுத்தால் அந்தப் பதிவு திரையில் வரும்; அதனுடன் கழித்தல் குறியும் டபிள்யூ என்ற எழுத்தும் சேர்த்தால், புதிய வரிகள் விழ விழ உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். அண்மைக்கால உபுண்டுவில் இதற்கு முன்னால், நிர்வாகி உரிமையோடு இயக்கச் சொல்லும் சூடோ (sudo) சேர்க்க வேண்டும். நேற்று நடந்ததை இன்று பார்க்கவும், கடிகார நேரத்தோடு ஒப்பிடவும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை வசதியானது. விசைப்பலகை அறுபட்ட இடத்தில் "யூஎஸ்பி 1-2: யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 7" என்ற பொருளில் ஒரு வரியும், அதை அடுத்து "நியூ லோ-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 8" என்று இன்னொரு வரியும் இருக்கும். இதில் 1-2 என்பது முதல் பஸ்ஸின், அதாவது முதல் யூஎஸ்பி தடத்தின், இரண்டாம் போர்ட்டைக் குறிக்கிறது. அது கணினியில் உள்ள இடத்தின் முகவரி, ஆகவே மாறாது. 7, 8 என்பவை ஒவ்வொரு சேர்க்கைக்கும் புதிதாக வழங்கப்படும் எண்கள். காலையில் 4 ஆக இருந்த எண் மாலையில் 60ஐத் தாண்டியிருந்தால், உட்கார்ந்திருந்தவர் கவனிக்காத துண்டிப்புகளும் ஏராளமாக நடந்திருக்கின்றன என்று பொருள்.

ஒரு கருவி விலகிவிட்டது என்று கணினி எப்படி அறிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள் உள்ளன: 5 வோல்ட் மின்னழுத்தத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, தரவுக்கு இரண்டு. சாதாரண விசைப்பலகைகளில் பெரும்பகுதி 1.5 மெகாபிட் வேகத்தில் இயங்கும் குறைவேகக் கருவிகள். இவற்றினுள் டி-மைனஸ் என்னும் தரவுக் கம்பியை 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று சுமார் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். கணினியின் பக்கம் இரண்டு தரவுக் கம்பிகளையும் 15 கிலோ ஓம் மின்தடைகள் தரையை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். விசைப்பலகையின் பிடி விட்டுப்போனால் இரண்டு கம்பிகளும் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வு ஏறத்தாழ 2.5 மைக்ரோநொடி நீடித்தாலே போதும், கருவி பிடுங்கப்பட்டது என்று போர்ட் முடிவு செய்துவிடுகிறது. திரும்பச் சேர்வதற்கோ, இணைப்பு 100 மில்லிநொடி ஆடாமல் நிலைத்திருக்க வேண்டும் என்று கெர்னல் காத்திருக்கிறது; அதன்பின் ரீசெட், அடையாளம் கேட்டல், கருவியை இயக்கும் நிரலான டிரைவரிடம் ஒப்படைத்தல் ஆகியவை ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத ஒரு தொடுகைப் பிசகு, தட்டச்சு செய்பவருக்கு ஒரு முழுச் சொல் விழுங்கப்பட்டதாகத் தெரிவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

இந்த முடிவை எடுப்பது வன்பொருள் என்பதால், விண்டோஸிலும் இதே துண்டிப்பு நடக்கத்தான் செய்யும். அங்கே இறங்கி ஏறும் ஓர் ஒலி மட்டும் கேட்கும், ஸ்பீக்கர் இல்லாத மேசையில் அதுவும் கேட்காது. லினக்ஸில் துண்டிப்பு கூடுதலாக வெளியே தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது தமிழில் தட்டச்சு செய்பவர்களை நேரடியாகத் தொடுவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து நிலைபெற்ற தமிழ்99 போன்ற விசையமைப்பை, எக்ஸ் விண்டோ என்னும் திரைச்சூழலின் அமர்வில் செட்எக்ஸ்கேபிமேப் (setxkbmap) கட்டளையின் மூலம் மட்டும் அமைத்திருந்தால், விலகித் திரும்பும் விசைப்பலகையைக் கணினி புதிய கருவியாகவே எண்ணி இயல்பான ஆங்கில அமைப்பை அதற்குக் கொடுத்துவிடும். மனு எழுதிக்கொண்டிருக்கும் பத்தியின் நடுவில் திடீரென்று ஆங்கில எழுத்துகள் விழத் தொடங்கினால், மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் பதிவில் அந்த நிமிடத்தைப் பார்ப்பது நல்லது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ் அடிப்பவர்களுக்கு இந்த அறிகுறி வராது. அது விசைப்பலகைக்கு மேலடுக்கில் இயங்குவது.

விலகல் வரிகளுக்கு இடையே எதிர்மறை எண்களுடன் பிழை வரிகளும் வருவதுண்டு. −71 என்பது நெறிமுறைப் பிழை, அதாவது சமிக்ஞை வந்தது, ஆனால் சிதைந்து வந்தது. −110 என்பது கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதிலே வரவில்லை என்பது. இரண்டும் மாறிமாறி வந்து, இறுதியில் கருவியை அடையாளம் காண முடியவில்லை என்று கெர்னல் கைவிட்டால், கேபிளையோ செருகியையோ முதலில் பிடிக்க வேண்டும். துண்டிப்பு வரி எதுவும் இல்லாமல், எழுத்துகள் அரை நொடி தேங்கி மொத்தமாக வந்து விழுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: விசைப்பலகையைப் படிக்கும் டிரைவர், பிழை நேர்ந்ததும் 13 மில்லிநொடி கழித்து மறுபடி முயலும், பிறகு 26, 52, 104 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகும், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் சரியாகாவிட்டால் கருவியையே ரீசெட் செய்துவிடும்.

இனி உப்புக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் முதற்சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களிலும், வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கத்து ஊர்களிலும், அலை உடைந்து கிளம்பும் நுண்துளிகளைக் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. துளியின் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் தானாக ஈரத்தை இழுத்துக் கரையும். ஆனால் கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாள் அரிது. எனவே செருகியின் மேல் படிந்த உப்புப் படலம், பார்வைக்கு உலர்ந்த தூசியாகத் தெரிந்தாலும், ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்னும் அரிப்புத் தடுப்புப் பூச்சும் தேவைப்பட்ட அதே காற்றைத்தான் யூஎஸ்பி செருகியின் மெல்லிய தங்கப் பூச்சும் தாங்க வேண்டியிருக்கிறது. மலிவான செருகிகளில் அந்தப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும்.

ஈரமான உப்புப் படலமும் 5 வோல்ட்டும் ஓரிடத்தில் சேரும்போது மின்பகுப்பு தொடங்குகிறது. அரிப்பு நேர்மின் பக்கத்தில், அதாவது மின்னழுத்தம் வரும் முதல் பின்னில், கூடுதலாக நடக்கும். செருகியில் அந்த முதல் பின்னுக்கு அடுத்து இருப்பது டி-மைனஸ். குறைவேக விசைப்பலகை தன் இருப்பைக் காட்டிக்கொள்ளும் கம்பியும் அதுவே. பல மேசைக் கணினிகள் அணைத்த பிறகும், சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு 5 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், இரவெல்லாம் இந்த அரிப்பு ஓய்வதில்லை. இரவில் சுவர் சுவிட்சை அணைக்கும் வழக்கம் மின்கட்டணத்தைவிட இந்த வகையில்தான் அதிகம் மிச்சம் செய்கிறது என்பது என் கருத்து.

செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நான்கு பின்களில் ஓரத்துப் பின் ஒன்றின் நுனியில் மெல்லிய பச்சைக் கோடு தெரியும். பூச்சின் நுண்துளைகள் வழியாக அடியிலுள்ள செம்புக் கலவை அரித்து வெளியேறிய களிம்பு அது. பின்களின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஓரத்து இரண்டும் நீண்டவை, நடுவிலுள்ள தரவுப் பின்கள் இரண்டும் சற்றுக் குட்டை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் செய்த ஏற்பாடு இது. இதனால் தளர்ந்த போர்ட்டில் செருகி ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் தரவு அறுந்துவிடும், மின்சாரம் அறாது. பின்னொளி எரிந்துகொண்டிருக்கும், எழுத்து மட்டும் வராது. "லைட் எரியுது, அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று பலரும் ஏமாறும் இடம் இது. சாதாரண யூஎஸ்பி-ஏ போர்ட் 1500 முறை செருகிப் பிடுங்குவதற்கு வடிவமைக்கப்பட்டது. பென்டிரைவுகள் ஓயாமல் ஏறி இறங்கும் இ-சேவை மையத்தின் முன்பக்கப் போர்ட் அந்தக் கணக்கை எவ்வளவு விரைவில் தாண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலும் கேபினட்டின் மின்விசிறிகள் உள்காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடாக வெளிக்காற்று நுழையும் துளைகளில் முன்பக்கப் போர்ட்டுகளும் அடங்கும். உப்பும் அந்த வழியாகவே உள்ளே போகிறது.

சோதிக்கும் முறை எளிது. பதிவைத் திரையில் ஓடவிட்டு, முதலில் செருகியைப் போர்ட்டில் மெல்ல அசைக்க வேண்டும், பிறகு கேபிளை விசைப்பலகைக்குள் நுழையும் கழுத்தில் வளைக்க வேண்டும், அதன்பின் நடுக்கேபிளை. எந்த அசைவில் துண்டிப்பு வரி விழுகிறதோ அங்கேதான் நோய். எதிலும் விழாவிட்டால், விசைப்பலகையைப் பின்பக்கப் போர்ட்டுக்கும், முன்பு அது இருந்த போர்ட்டுக்கு ஒரு மௌஸையும் மாற்றிச் செருகி, துண்டிப்பு விசைப்பலகையைத் தொடர்கிறதா, போர்ட்டிலேயே தங்குகிறதா என்று பதிவின் முகவரியைக் கொண்டு பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றிப் புதியது வாங்கிவிட்டால், கோளாறு போனாலும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத கோளாறு திரும்பி வரும்.

எல்லாத் துண்டிப்பும் உப்பால் வருவதன்று. "டிசேபிள்டு பை ஹப்" என்று தொடங்கி, இஎம்ஐ என்ற மூன்று எழுத்தை ஒரு கேள்விக்குறியோடு காட்டும் வரி பதிவில் இருந்தால் கதை வேறு. மின்காந்த இடையூறாக இருக்குமோ என்று கெர்னலே ஐயப்படுகிறது என்பது அதன் பொருள். கெர்னலின் மூலநிரலில் அந்த இடத்தில் உள்ள குறிப்பு, சரியாகக் கவசமிடாத கருவிகளை இத்தகைய இடையூறு வரும்போது ஹப் (பல போர்ட்டுகளைப் பிரித்துத் தரும் பகுதி) நிறுத்திவிடுவதுண்டு என்றும், இந்த நிரல்துண்டு அவற்றை மீண்டும் இயக்குகிறது என்றும், மௌஸ் டிரைவருடனாவது இது வேலை செய்கிறது என்றும் சொல்கிறது. எழுதியவரின் நேர்மையை மெச்சத்தான் வேண்டும். விசைப்பலகைகள் இதற்கு எளிதில் இரையாவதற்குக் காரணம் உண்டு: குறைவேகக் கேபிளுக்குக் கவசமும் முறுக்கிய இணைக்கம்பியும் கட்டாயம் என்று தொடக்ககால யூஎஸ்பி விதிகள் சொல்லவில்லை, நீளத்தை மட்டும் 3 மீட்டர் அளவில் கட்டுப்படுத்தின. மலிவான விசைப்பலகையின் மெலிந்த கேபிள் அந்தச் சலுகையின் வாரிசு.

மீன் இறங்குதளங்களை ஒட்டிய ஐஸ் கம்பெனிகளில் கணக்கெழுதும் அறை பெரும்பாலும் கம்ப்ரசர் அறைக்கு அடுத்த சுவரிலேயே இருக்கும். பெரிய மோட்டார் ஏறும்போதும், மோட்டாரை இயக்கும் சுவிட்சான கான்டாக்டர் சேர்ந்து பிரியும்போதும், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடக்கும்போதும் கம்பிகளில் பாயும் கூர்மையான மின்னதிர்வு விசைப்பலகைக் கேபிளுக்கும் எட்டுகிறது. கம்ப்ரசரை எப்போது ஓட்டினார்கள் என்று அங்கே நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால், அந்த நேரங்களை ஜர்னல்சிடிஎல் காட்டும் நேரங்களோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். இங்கே டி-எம்-இ-எஸ்-ஜி காட்டும் கடிகார நேரத்தை நம்பக் கூடாது. கணினி இடையில் தூங்கி எழுந்திருந்தால் அது பிசகும். தீர்வு பெரிதன்று: கேபிளை மின்வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி ஓட்டுவது, மிச்ச நீளத்தைச் சுருட்டி மானிட்டருக்குப் பின்னால் திணிக்காமல் இருப்பது, கணினிக்கு அருகே கேபிளில் இடையூறை வடிக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டுவது.

எர்த் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணினிப் பெட்டியைத் தொட்டால் கை சுறுசுறுவென்று இருந்தால், எர்த் இணைப்பு சரியாக இல்லை என்று கொள்ளலாம். மின்வழங்கியிலுள்ள வடிப்பான் மின்தேக்கிகள் காரணமாக, எர்த் இல்லாத பெட்டி 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைப் பெரிதாகத் தாக்காது, ஆனால் வேறு வழியில் எர்த் பெற்ற பிரிண்டரோ இணையக் கேபிளோ சேரும்போது அந்த மின்னோட்டம் தரவுக் கேபிள்களின் தரைக்கம்பி வழியாகப் பாயும். கடற்கரை மணலில் நல்ல எர்த் போடுவது தனிப் பாடு. மேல்மணல் காய்ந்து கிடப்பதால் கடத்தாது. உப்புநீர் தொடும் ஆழத்தில் மண் நன்றாகவே கடத்தும், ஆனால் அங்கே இறக்கிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைத் துரு தின்றுவிடும். வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்றும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காமல் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்ப்பதே சரி.

மென்பொருளே குற்றவாளியாக இருக்கும் நிலையும் உண்டு. அதை வேறுபடுத்துவது காலம். தட்டிக்கொண்டிருக்கும்போது அறுபட்டால் கேபிளையும் இடையூறையும் சந்தேகிக்கலாம். சும்மா இருந்துவிட்டுத் தட்டத் தொடங்கும்போது முதல் எழுத்து விழுங்கப்பட்டாலோ, விசைப்பலகை எழவே மறுத்தாலோ, மின்சேமிப்பைச் சந்தேகிக்க வேண்டும். பயன்படாத கருவியைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்ட் வசதி கெர்னலில் இருக்கிறது, அதன் இயல்பான காத்திருப்பு 2 நொடி. எனினும் ஹப் தவிர்ந்த மற்றக் கருவிகளுக்குக் கெர்னல் தானாக அதை இயக்குவதில்லை. மடிக்கணினியில் பேட்டரி நீடிக்க வேண்டும் என்று பவர்டாப் கருவியின் ஆட்டோ-டியூன் வசதியை யாராவது ஓட்டியிருந்தால் விசைப்பலகைக்கும் அது வந்து சேரும். டிஎல்பி (TLP) என்ற இன்னொரு மின்சேமிப்புக் கருவி, விசைப்பலகை, மௌஸ் போன்றவற்றை இயல்பாகவே விலக்கிவைக்கிறது. சிஸ் (/sys) கோப்பகத்தில் யூஎஸ்பி கருவிகளின் பட்டியலில், பதிவில் கண்ட 1-2 போன்ற முகவரியின்கீழ், பவர் என்ற அடைவில் கண்ட்ரோல் என்ற கோப்பு இருக்கும். அதில் 'ஆட்டோ' என்றிருந்தால் தூக்கம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 'ஆன்' என்று எழுதினால் அந்த அமர்வுக்குத் தூக்கம் தடுக்கப்படும். நிரந்தரமாக்க, கருவி சேரும்போது தானாகச் செயல்படும் ஒரு யூடெவ் (udev) விதி எழுத வேண்டும். கணினி தொடங்கும்போதே ஆட்டோசஸ்பெண்டை −1 ஆக்கி எல்லாக் கருவிகளுக்கும் முடக்கிவிடும் அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது; ஒரு விசைப்பலகைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, களிம்பேறிய செருகிக்கு அது ஒன்றும் செய்யாது.

விசைப்பலகை நேரடியாகக் கணினியில் இல்லாமல் ஒரு ஹப்பிலோ மானிட்டரின் போர்ட்டிலோ இருந்தால், பதிவில் முகவரி 1-1.4 என்று புள்ளியோடு வரும். அதே நொடியில் 1-1.2இல் உள்ள மௌஸும் விலகியிருந்தால், அறுந்தது ஹப். மின்வெட்டின்போது கணினி யூபிஎஸ்ஸில் தப்பிவிட, நேரடி மின்சாரத்தில் இருக்கும் மானிட்டர் அணைந்து, அதனுடன் விசைப்பலகையும் போவது இதில் சேர்ந்ததே.

களிம்பு என்று உறுதியானால் துடைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைகளில் உடனே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுப்பார்கள். அது எண்ணெயையும் அழுக்கையும் நீக்கும், உப்பை ஏறக்குறையக் கரைக்கவே கரைக்காது. உப்பு நீரில்தான் கரையும். எனவே விசைப்பலகையைக் கழற்றிய பிறகு, காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால் செருகியின் பின்களை ஓரிருமுறை துடைத்து, அதன்பின் ஆல்கஹாலால் துடைத்து ஈரத்தை விரட்டி, நன்கு உலரவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் அதே உப்புதான் இருக்கிறது. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது மிச்சமிருக்கும் தங்கப் பூச்சையும் எடுத்துவிடும். ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகும். தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கும். கணினியின் போர்ட்டை, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துச் செருகியைச் சிலமுறை ஏற்றி இறக்கித் துடைக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் கேபிளின் கழுத்தை வளைக்கும்போது துண்டிப்பு வந்தால், உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. விசைப்பலகையைத் திறந்தால் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நான்கு கம்பிகள் ஒரு சிறு சர்க்யூட் பலகையில் சேர்வதைக் காணலாம். கழுத்துக்கு உட்பட்ட பகுதியை வெட்டிவிட்டு நிறம் பார்த்து மீண்டும் பற்றவைப்பது சால்டரிங் தெரிந்தவருக்குச் சிறு வேலைதான். விலை உயர்ந்த விசைப்பலகைக்கு அதைச் செய்யலாம். மலிவானதற்குப் புதியது வாங்குவதே மேல். போர்ட் தளர்ந்திருந்தால் மதர்போர்டில் கைவைக்காமல் வேறொரு போர்ட்டுக்கு மாறிக்கொண்டு, தளர்ந்ததை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிடலாம்.